அரைக்குமுன் குளிர்விப்போம்

இட்லிக்கு மாவரைக்கும் அம்மா, மிக்சியில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். மாவு சூடேறினால் இட்லி மென்மையாக வராது என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆய்வுக்கூடமும் இதே பாடத்தைத்தான் புகட்டுகிறது.

ஈரல், இலை போன்றவற்றை அரைத்துச் சீராகக் கலக்கும்போது உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. வெப்பம் மிகுந்தால் நொதிகள் செயலிழக்கும். அன்றியும், உடைந்த செல்களிலிருந்து வெளிப்படும் சில நொதிகள் அங்குள்ள புரதங்களையே சிதைக்கத் தொடங்கும். எனவேதான் ஆய்வாளர்கள் கலத்தைப் பனிக்கட்டியில் புதைத்து, 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை குளிரில் வைத்து, விட்டுவிட்டு அரைக்கின்றனர். மெழுகு போன்ற மருந்துப் பொருள்களோ அரைக்கையில் இளகி ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தால், அவை கண்ணாடிபோல் நொறுங்கிப் பொடியாகின்றன.

இத்துணை முக்கியமான குளிர்ச்சிக்கு நம் செய்முறைக் குறிப்பேட்டில் இடமில்லை! "நன்கு அரைக்கவும்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். எத்தனை நிமிடம், என்ன வெப்பநிலை என்று குறிப்பதில்லை. முடிவு பிழைத்தால், நமக்கு அறிவியல் வராது என்று சோர்ந்துபோகிறோம். பிழை நம் அறிவில் அன்று, சூடேறிய கல்வத்தில் இருக்கலாம் அன்றோ?

திரவ நைட்ரஜன் பயிற்சி பெற்றோர் கைக்கே உரியது. நமக்கு ஒரு தட்டுப் பனிக்கட்டியும் ஒரு வெப்பமானியும் போதும். தோழியரே, இனி அரைக்குமுன் குளிர்விப்போம். அளந்ததை மறவாமல் எழுதுவோம். அதன் பிறகு நம் திறமையை நாமே எடைபோடுவோம்.