வேலி யாருடைய கடமை?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், திரிங்காப்பைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த சிற்றூர் கோலா தெர்லா. ஒருபுறம் தேயிலைச் சரிவுகள். மறுபுறம் படிப்படியாக வெட்டப்பட்டு நெகிழிக் கூரை வேயப்பட்ட காய்கறித் தோட்டங்கள். தெலோம் ஆற்று நீரை மலையைக் குடைந்த சுரங்கவழியே பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடும் இப்பகுதியைச் சார்ந்ததே. சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு இவை எழில். ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணுக்கோ இவை அனைத்தும் விளையாட்டுக் களம். பாசன நீர் தேக்கிய குட்டை, மழைக்குப்பின் இளகி நிற்கும் மண்சரிவு, பூச்சிமருந்து தெளித்தபின் எறியப்பட்ட கலன், மூடியில்லாத தொட்டி ஆகியவற்றில் எது விளையாட்டு, எது எமன் என்று பிரித்தறியும் வயதா அது?

இத்தகைய இடத்தில் ஒரு குழந்தை வீழ்ந்து மாண்டாலோ, ஊனமுற்றாலோ, எழும் முதற்கேள்வி யாது? “குழந்தை அங்கே ஏன் போயிற்று?” என்பதே. “அந்தக் குட்டை அங்கே ஏன் திறந்து கிடந்தது?” என்று கேட்பார் அரியர். முட்டைக்கோசைக் காக்க வேலியிடத் தெரிந்த மனிதனுக்குக் குழந்தையைக் காக்க வேலியிடத் தெரியவில்லையா? தெரியும். இடாவிட்டால் தன்னை எவரும் கேட்கமாட்டார் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்தத் துணிவை அவனுக்குத் தந்தது பழைய சட்டம்.

அதன் வரலாற்றைச் சிறிது காண்பது நலம். ஆங்கிலேயரின் பொதுச் சட்டம், பிறர் நிலத்தில் கால் வைப்போரை மூன்று வகையாகப் பிரித்தது. தொழில் கருதி அழைக்கப்பட்டவர், அனுமதி பெற்று வந்தவர், அத்துமீறி நுழைந்தவர் என்பன அவை. முதலிரு வகையினரிடம் நிலத்தை ஆள்வோனுக்குக் கடமை உண்டு. மூன்றாம் வகையினரிடம், வேண்டுமென்றோ ஈவிரக்கமின்றியோ தீங்கு இழைக்காதிருந்தால் போதும். 1929-இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் முன் வந்த வழக்கொன்று இதன் கொடுமையை வெளிப்படுத்தியது. ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்கமொன்றின் வெளியில் வடக்கயிறு இழுக்கும் சக்கரத்தில் நான்கு வயதுச் சிறுவன் சிக்கி மாண்டான். அவ்வெளியில் குழந்தைகள் ஆடுவது நிறுவனத்தார் அறிந்ததே. வேலியில் இடைவெளிகள் இருந்ததும் அறிந்ததே. எனினும் சிறுவன் “அத்துமீறியவன்” எனப்பட்டான். நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை எனத் தீர்ப்பாயிற்று.

நான்கு வயதுக் குழந்தைக்கும் பூட்டை உடைத்து நுழையும் கள்வனுக்கும் ஒரே பெயர் சூட்டிய சட்டம் அது!

இத்தனைக்கும் 1920களின் தொடக்கத்திலேயே அதே சபை வேறுவிதமாகவும் பேசியிருந்தது. கிளாஸ்கோ நகரின் பொதுப் பூங்காவில் கண்ணைக் கவரும் நச்சுப் பழத்தை உண்டு ஏழு வயதுச் சிறுவன் இறந்தான். பழத்தின் அழகே குழந்தையை ஈர்க்கும் பொறி என்றும், அதைத் தடுக்காத நகராண்மை பதில் சொல்லியாக வேண்டும் என்றும் நீதிபதிகள் கருதினர். ஆனால் அந்தச் சிறுவன் பூங்காவுக்குள் செல்லும் உரிமை உடையவன். உரிமை இருந்தால் இரக்கம், இல்லையேல் கைவிரிப்பு என்பதே அன்றைய நிலை.

1965-இல் இலண்டன் அருகே மிச்சம் என்னுமிடத்தில், மிதிபட்டுச் சாய்ந்த வேலியைத் தாண்டிய ஆறு வயதுச் சிறுவன் மின்சாரம் பாயும் இருப்புப்பாதையில் வீழ்ந்து படுகாயமுற்றான். குழந்தைகள் அவ்வழியே நுழைவது நிலைய அதிகாரிக்கு முன்பே தெரிந்திருந்தது. 1972-இல் பிரபுக்கள் சபை 1929-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியிலிருந்து விலகியது. அத்துமீறியவரிடத்தும் மனிதநேயக் கடமை ஒன்று உண்டு என்றது. 1984-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கிற்று. ஆபத்து இருப்பதை அறிந்திருத்தல், எவரேனும் அதன் அருகே வரக்கூடும் என எண்ண இடமிருத்தல், தடுப்புச் செய்வது நியாயமாக எதிர்பார்க்கத் தக்கதாயிருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால் கடமை பிறக்கும்.

மலேசியாவின் நிலை என்ன? 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அவ்வாண்டு ஏப்ரல் 7-ஆம் நாளில் இங்கிலாந்தில் நிலவிய பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மாநிலங்களுக்கு உரியதாக்கிற்று. அடுத்த ஆண்டே, 1957-இல், இங்கிலாந்து தன் பழைய விதியைத் திருத்தும் தனிச்சட்டத்தை இயற்றத் தொடங்கியது. ஓராண்டு இடைவெளியில் கப்பல் தவறிற்று! பிற்காலத் தீர்ப்புகளிலிருந்து மலேசிய நீதிமன்றங்கள் வழிகாட்டல் பெறலாம். ஆயின் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நிலத்தை ஆள்வோரின் பொறுப்பை வகுக்கும் தனிச்சட்டம் இந்நாட்டில் இல்லை.

பெற்றோரைப் பற்றியோ எழுத்துவடிவில் சட்டம் உண்டு. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தக்க கண்காணிப்பின்றிக் குழந்தையை விட்டுச் செல்லும் பெற்றோரைக் குற்றவாளியாக்குகிறது. குழந்தையைக் காக்கும் நோக்கம் நன்று. ஆனால் கொழுந்துக்கூடையைச் சுமந்து சரிவேறும் தாயைத் தண்டிக்கத் தெளிவான பிரிவு இருக்க, குட்டையைத் திறந்து போட்டவனைக் கேட்க ஏழு கடல் தாண்டிய பழைய தீர்ப்புகளைத் தேட வேண்டியிருப்பது எந்த நீதி?

இங்கேதான் தோட்டப்புறத்தின் தனித்தன்மையைச் சிந்திக்க வேண்டும். நகரத்துக் குழந்தைக்குத் தன் வீடு வேறு, பிறர் நிலம் வேறு. தோட்டத்துக் குழந்தைக்கு அப்படியா? அது பிறந்த லயம் நிறுவனத்துடையது. அது கிடந்த ஆயாக்கொட்டகை நிறுவனத்துடையது. பள்ளிக்கு நடக்கும் மண்பாதையும் கோயிலுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் நிறுவனத்துடையவை. தன் தொட்டிலே பிறர் நிலத்தில் ஆடியிருக்க, எந்தக் கோட்டைத் தாண்டியபோது அக்குழந்தை அத்துமீறியதாயிற்று? இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் பல வெளிநாட்டுக் கைகள். தமிழ்க் குடும்பங்கள் பல நகரம் பெயர்ந்தன. எனினும் எஞ்சிய பிள்ளைகளுக்கும் புதிதாய் வந்தோரின் பிள்ளைகளுக்கும் நிலை இதுவே.

எதிர்வாதம் புரிவோர் மூன்று கூறுவர். “என் நிலம், என் உரிமை” என்பது முதலாவது. உரிமையை எவரும் பறிக்கவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் பாறைக்கும் வேலி கேட்கப்படவில்லை. தானே உண்டாக்கி, தானே அறிந்து, குழந்தைகள் வருவதையும் அறிந்து வைத்திருக்கும் ஆபத்துக்கே காப்புக் கேட்கப்படுகிறது. “பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்” என்பது இரண்டாவது. பெற்றோர் இருவரையும் விடியலிலேயே வேலைக்கழைக்கும் தோட்டம், அவர்கள் வீட்டில் இல்லை என்பதை அறியாதா? “சிறு விவசாயி செலவை எங்ஙனம் தாங்குவான்?” என்பது மூன்றாவது. இது மதிக்கத்தக்க வாதம். கேமரன் மலைக் காய்கறி விவசாயிகளுள் பலர் அரசு நிலத்தில் பயிரிடுவோர். ஆகவே நிலத்தைத் தன் ஆளுகையில் வைத்திருப்பவர் எவரோ அவரையே சட்டம் பார்க்க வேண்டும்; அவருடைய வசதிக்கேற்பவே கடமையை அளக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இந்த அளவையை ஏற்றது. ஒரு தொட்டிக்கு மூடியிட எவரும் ஏழையாகிவிடார்.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவும் தோண்டும் இடங்களைச் சுற்றி வேலியிடவும் இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் நெறிமுறைகள் வகுத்தது. அதன்பின்னும் 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், அத்தகைய கிணற்றில் வீழ்ந்த இரண்டு வயதுக் குழந்தையை உயிருடன் மீட்க இயலவில்லை. ஆகவே சட்டத்தோடு, ஆண்டுதோறும் வந்து பார்க்கும் கண்ணும், தவறினால் தண்டிக்கும் கையும் வேண்டும்.

மலேசிய நீதிமன்றங்களுக்குக் கதவு முற்றும் அடைபடவில்லை. ஆங்கிலச் சட்டத்தை இறக்குமதி செய்த அதே 3-ஆம் பிரிவு, உள்நாட்டுச் சூழலுக்கேற்ற மாற்றங்களோடே அதை ஏற்க வேண்டும் எனவும் கூறுகிறது. தோட்டத்தைவிட உள்நாட்டுச் சூழல் வேறெது? எனினும் ஒவ்வொரு குழந்தையின் சாவுக்கும் ஒரு வழக்காடி நீதி தேடுவது ஏழைக்கு இயலாதது. நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும்.

தமிழாசிரியர்கள் வகுப்பறையில் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கின்றனர். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் தானே துள்ளி வந்து வீழ்ந்தது ஆன்கன்று. “அது ஏன் தேர்ப்பாதையில் வந்தது?” என்று சோழன் கேட்கவில்லை. சாத்திரப்படி கழுவாய் செய்தால் போதும் என்ற அமைச்சர் சொல்லையும் ஏற்கவில்லை. தாய்ப்பசு மணியடித்ததும் தேருக்குரியவனையே பொறுப்பாக்கினான். இன்று எவருடைய மகனையும் தேர்க்காலில் இடச் சொல்லவில்லை. ஒரு வேலி, ஒரு மூடி, ஒரு எச்சரிக்கைப் பலகை, இவற்றையே கேட்கிறோம் என்று தோட்டத்துத் தாய்மார் கூறுகின்றனர். அந்தக் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், பள்ளிக்கு வரும் வழியில் திறந்து கிடக்கும் குட்டையைக் கண்டால், தோட்ட நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவிக்கட்டும். அறிவித்த பின்னர், “ஆபத்தை அறியேன்” என்று நிலத்தை ஆள்வோர் எவரும் சொல்ல இயலாது.