அஞ்சிய முயலை விற்பது நாணயமா?

அரிசி, பருப்பு விலை பற்றியும் ஜி.எஸ்.டி. தொல்லைகள் பற்றியும் எழுதி வருகிற நாம், இம்முறை முயலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் முயலும் இன்று கடையில் எடுத்துக் காட்டி, விலை பேசி, பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற ஒன்றாகிவிட்டது. விற்பனை என்று வந்துவிட்டால் அங்கே வணிகனின் நாணயமும் வந்துவிடுகிறது. ஆகவே இதைப் பேசுவது நமது கடமையே.

கோவளம் இன்று வெறும் மீனவர் குப்பம் அல்ல. 2021ஆம் ஆண்டில் நமது கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. முட்டுக்காடு படகுத்துறைக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் வருகிற குடும்பங்கள் நம் ஊரிலும் இறங்கிப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை நம்பி வாழும் கடைகள் நம்மிடையே பல உண்டு. வண்ண மீன், லவ் பேர்ட்ஸ் கூண்டுகளோடு முயல் கூண்டும் வைத்து விற்பவர்கள் இந்தச் சாலை நெடுகிலும் இருக்கிறார்கள். பிள்ளை அழுது கேட்கிறது. அப்பா சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிவிடுகிறார்.

அதன்பின் நடப்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் ஞாயிறு மாலை முயல் ஒன்று வாங்கிப் போனது. செவ்வாயன்று அந்த அப்பா திரும்பி வந்தார். கையில் காலி அட்டைப்பெட்டி. "நல்லாத்தானே கொடுத்தேன்? நீங்க என்னத்தைப் போட்டீங்களோ!" என்றார் கடைக்காரர். "கேரட் கொடுத்தோம், அதைக்கூடத் தொடலைங்க" என்றார் வந்தவர். இருவர் சொன்னதும் பொய்யில்லை. கடைக்காரர் கொடுத்தபோது முயலுக்கு வெளியே தெரிகிற நோய் இல்லை; வாங்கியவரும் கெட்டதைப் போடவில்லை. அந்த முயலைக் கொன்றது பயம் என்பதே நமது கணிப்பு.

பயத்தால் உயிர் போகுமா என்று கேட்கலாம். போகும். நாம் விற்கும் வளர்ப்பு முயல்கள், ஐரோப்பாவில் மண்ணைக் குடைந்து வளையில் வாழும் முயலின் வழிவந்தவை. நம் ஊர்க் காட்டு முயலின் இனம் வேறு. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளை முயலுக்குப் பாதுகாப்பு என்றால் ஓடி ஒளிய ஒரு பொந்து. நாற்புறமும் கம்பி போட்டு, சாலை ஓரத்தில், ஆள் உயரத்தில் தொங்கும் கூண்டில் அந்தப் பொந்து எங்கே? லாரி ஹாரன், ஒலிபெருக்கி, தெருநாயின் மோப்பம், கம்பிக்குள் நுழையும் பத்து விரல்கள் என்று காலை முதல் இரவு வரை அது அஞ்சிக்கொண்டே இருக்கிறது. மனிதன் கேளாத மெல்லிய கீச்சொலிகளும் அதன் காதுக்குக் கேட்கும்.

அச்சம் மிகுந்தால் உடலின் வேலைகள் குடலை விட்டு ஓட்டத்துக்கான தசைகளின் பக்கம் திரும்புகின்றன. முயலின் குடலோ ஓயாமல் ஓடவேண்டிய ஆலை. அதனால் வாந்தி எடுக்கவும் இயலாது. குடல் மந்தமானால் உள்ளே இருக்கும் தீனி காய்ந்து இறுகும்; வாயு சேரும்; வலி எடுக்கும். வலியினால் தின்னாது, தின்னாததால் குடல் மேலும் நிற்கும். அரை நாள் தீனி எடுக்காமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அதை ஆபத்து என்று கொள்ளவேண்டும். இது முற்ற ஒன்றிரண்டு நாள் பிடிப்பதால்தான் கடையில் பட்ட அடி வாங்கியவர் வீட்டில் தெரிகிறது. மூக்கில் சளி வைக்கும் கிருமி பல முயல்களின் உடலில் சும்மா கிடக்கும். அச்சத்தில் உடல் தளர்ந்ததும் அதுவும் தலைதூக்கும். திடீரென்று பெருத்த அதிர்ச்சி ஏற்பட்டால் நாடித்துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே உயிர் போவதும் உண்டு. மிரண்ட தாய் முயல் குட்டிகளை மிதித்தோ கடித்தோ கொன்றுவிடும்.

நாம் கூண்டிலிருந்து தூக்கிக் காட்டும் முறையிலும் தவறு இருக்கிறது. காதைப் பிடித்துத் தூக்குவது பெருந்தவறு. முயலின் எலும்பு மெலிது, பின்னங்கால் தசையோ வலுவானது. மிரண்டு ஓர் உதை உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். இன்னும் சிலர் அதை மல்லாக்கப் படுக்கவைத்து, "பாருங்க, எப்படித் தூங்குது!" என்று காட்டுகிறார்கள். அது தூக்கமல்ல. எதிரியின் பிடியில் அகப்பட்ட பிராணி செத்ததுபோல் விறைத்துக் கிடக்கும் நிலை. அச்சத்தின் உச்சத்தை அமைதி என்று சொல்லி நாம் விற்கிறோம். அறியாமல் செய்தோம் என்பது இதுவரை சரி. அறிந்தபின் செய்தால் அது எடையில் குறைத்துப் போடுவதற்குச் சமம்.

"இதையெல்லாம் பார்த்தால் வியாபாரம் செய்ய முடியுமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கடை வாடகையும் மின்கட்டணமும் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆனால் அன்று காலிப்பெட்டியோடு வந்தவர் இனி அந்தக் கடைப்படி ஏறுவாரா? அவர் பிள்ளை அந்தக் கடையை எப்படி நினைவில் வைத்திருக்கும்? செத்த முயல் ஒன்றின் நஷ்டம் முயலின் விலையோடு முடிவதில்லை.

நம் செங்கற்பட்டுச் சீமையிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கும்பினிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க் குடியானவர்கள் அன்றைய கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாக எழுதி வாங்கினார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். பறவை இறங்கும் காலத்தில் வெடிச்சத்தத்தைத் தவிர்க்கும் வழக்கமும் அங்கே இருந்து வருகிறது. வாயில்லாத ஜீவனுக்கு அமைதி கொடுத்தவர்கள் அதில் நஷ்டப்படவில்லை, விளைச்சல் கண்டார்கள். படிப்பறிவு பெருகிய இக்காலத்தில் நாம் அவர்களைவிடக் குறைந்தவர்களாக இருக்கலாமா?

ஆகவே முயல் விற்கும் உறுப்பினர்களைச் சில செய்திகளில் கவனம் வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். கூண்டைச் சாலைப் பக்கம் தொங்கவிடாமல் கடையின் உட்புறம், நிழலில், மூன்று பக்கம் மறைத்து வையுங்கள். முயலுக்கு வியர்க்காது, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டியோ கவிழ்த்து உடைத்த மண்பானையோ போடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளைத் தேநீர்ச் செலவுதான். வாங்குபவரைத் தவிர மற்றவர் தொட வேண்டாம் என்று எழுதி மாட்டுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை பின்பகுதிக்கடியிலும் இருக்கட்டும்.

விற்றபின் இரண்டு வார்த்தை சொல்லியனுப்புங்கள்: முதல் சில நாள் பிள்ளைகள் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பழகட்டும், காய்ந்த புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும், கேரட் தின்பண்டம், ஆகாரம் அல்ல, நாயும் பூனையும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், தீனி எடுக்காவிட்டால் மறுநாள் வரை பொறுக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அருகில் வசதியில்லாதவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடையைப் பதிவு செய்யவேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் சொல்வதையும் நினைவூட்டுகிறோம். அபராதம் வந்தபின் சங்கத்துக்கு ஓடிவருவதைவிட முன்னரே பதிவது மேல்.

பட்டாசு விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். 2018 முதல் தமிழகத்தில் தீபாவளியன்று வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் வகுக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் முயலை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள் என்று வாங்குவோரிடம் ஒரு வரி சொன்னால் விற்பனை குறைந்துவிடாது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் முயலைப் பரிசுப் பொருளாக விற்காமல் இருப்பதே நல்லது என்பதும் நமது கருத்து.

இந்த அளவுக்கும் இடமும் பொறுமையும் இல்லை என்பவர்கள் முயலை விட்டுவிட்டு மீன் தீனியும் கூண்டும் விற்கலாம். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. தராசும் கணக்கும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிபவை. முயலின் அச்சமோ விற்பவனுக்கு மட்டுமே தெரிந்தது. அதைத் தெரிந்து நடப்பவனையே நாம் நல்ல வணிகன் என்போம்.