வீடியோ உண்மையா, பொய்யா? கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்!

திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூர் என்று ஒரு கிராமம். 2018-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி, ஒரு குடும்பத்தார் சென்னையில் இருந்து காரில் அந்தப் பக்கம் வந்தார்கள். குலதெய்வத்தைக் கும்பிடப் போகிறவர்கள். வழி தெரியவில்லை. காரை நிறுத்தி விசாரித்தார்கள். அவர்களில் 65 வயது அம்மாள் ஒருவர், அங்கே நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்.

அவ்வளவுதான்! "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று கூச்சல் கிளம்பியது. கூட்டம் கூடியது. அடி விழுந்தது. அந்த அம்மாள் இறந்து போனார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அடித்தது குற்றம். அதைச் சட்டம் பார்த்துக் கொள்ளும். ஆனால் அத்தனை பயம் எங்கே இருந்து வந்தது?

செல்போனில் இருந்து வந்தது! "பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்து இருக்கிறது" என்ற வதந்தி, அப்போது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவிக் கொண்டு இருந்தது.

வெட்டப்பட்ட வீடியோ

அந்த ஆண்டு இந்தியாவில் பல இடங்களில் ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக் கொண்டு பறந்து விடுகிறார்கள்! பார்த்த தாய்மார்கள் பதறிப் போனார்கள்.

உண்மை என்ன? அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் எடுத்த படம். "குழந்தைகளைக் கவனமாகப் பாருங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்ல, நடிகர்களை வைத்து எடுத்தது. முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை விட்டு விடுகிறார்கள். ஒரு அட்டையையும் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி விட்டார்கள்.

டிஜிட்டல் இதழியல் படிக்கும் மாணவன் இதைப் பார்த்தால் என்ன செய்வான்? முதலில் வீடியோவை நிறுத்துவான். ஒரு காட்சியைத் தனியாகப் படம் பிடித்து, இணையத்தில் தேடுவான். "இதே படம் இதற்கு முன்பு எங்கேயாவது வந்து இருக்கிறதா?" என்று பார்ப்பான். கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டியில் என்ன நம்பர், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பான். பிறகு சம்பந்தப்பட்ட ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து கேட்பான். இத்தனைக்கும் அரை மணி நேரம் போதும், பல சமயங்களில்.

கடைசியாகச் சொன்ன போன் புதிய வித்தை அல்ல. அந்தக் காலத்து நிருபர் சைக்கிளில் போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்க் கேட்டாரே, அதே வேலைதான். 2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது, முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி விட்டன என்று புரளி கிளம்பியது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கு அது எப்படி இருந்து இருக்கும்! பண்ணைக்காரர்களைக் கேட்டு இருந்தால், "ஒன்றும் தப்பவில்லை" என்று சொல்லி இருப்பார்கள். பிறகு அப்படித்தான் சொன்னார்கள்.

இப்போது ஏ.ஐ. வந்து விட்டது. ஒருவர் பேசாததைப் பேசியது போல, அவர் குரலிலேயே செய்து விடலாம். அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் உண்டு. ஆனால் அவையும் ஏமாறும். ஆகவே, "இதை முதலில் வெளியிட்டது யார்?" என்று தேடிப் போகும் பழக்கம்தான் மாணவனுக்குக் கை கொடுக்கும்.

பத்து ரூபாயில் ஒரு செய்தி

வகுப்பில் சட்டமும் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளிக்கூடம் எதையும் வெளியிடக் கூடாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் அப்படிச் சொல்கிறது. இது யூடியூப்பில் பேசுகிறவருக்கும் பொருந்தும்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போட்டால், 30 நாட்களுக்குள் அரசு அலுவலகம் பதில் தர வேண்டும். "எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்கலாம். வந்த கணக்கை எக்செல்லில் போட்டு, போன ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் சொல்லித் தருகிறார்கள். எந்தத் தொகை திடீரென்று ஏறி இருக்கிறது என்பது தெரிந்து விடும். அங்கே இருந்து செய்தி தொடங்கும். என்னைக் கேட்டால், இந்தப் படிப்பிலேயே மிகவும் பயன் உள்ள பாடம் இதுதான்!

செல்போனில் படம் எடுப்பது, ஒலி சேர்ப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் உண்டு. அவற்றை வீட்டில் இருந்தே கற்றுக் கொள்ளலாம். அதற்காகக் கல்லூரிக்குப் போக வேண்டியது இல்லை.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. பத்திரிகைப் படிப்பு நமக்குப் புதிது அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-ம் ஆண்டிலேயே வந்து விட்டது. ஆனாலும் பட்டம் வாங்கிய உடனே நல்ல சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. இரவு வேலை உண்டு. செய்தி நிறுவனங்களோடு, மருத்துவமனைகள், வியாபார நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவையும் எழுதத் தெரிந்தவர்களை இப்போது வேலைக்கு எடுக்கின்றன. ஆனால், தமிழைப் பிழை இல்லாமல் எழுதத் தெரியாத பிள்ளைக்கு எந்தக் கருவியும் உதவாது.

சேரும் முன்பு கல்லூரிக்கு ஒரு முறை நேரில் போங்கள். கட்டணத்தைக் கேட்கும்போதே, "பாடம் நடத்துகிறவர்கள் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களா? மாணவர்களை வெளியே செய்தி சேகரிக்க அனுப்புகிறீர்களா?" என்றும் கேளுங்கள். மாணவர்கள் நடத்தும் பத்திரிகையோ, இணைய தளமோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு செய்திகளைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.