மேடும் காப்பன்று

2003 மே மாதத்தில் களு கங்கை பெருகி இரத்தினபுரி நகரை மூழ்கடித்தபோது நாம் சிறுவர். லயத்து வாயிலில் நின்று, கீழே வயலும் வீதியும் ஒரே செந்நீர்க் கடலாய்க் கிடந்ததைக் கண்டோம். "நாம் மேட்டில் இருக்கிறோம், பயமில்லை" என்றனர் பெரியோர்.

அந்த நம்பிக்கையை 2016 மே 17 பொய்யாக்கிற்று. அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயம் மண்ணுள் புதைந்தது, உயிர்கள் மாண்டன.

வெள்ளம் வடிந்தால் ஆற்றங்கரை உழவன் தன் நிலத்துக்குத் திரும்புவான். தலைமுறை தலைமுறையாய் உழைத்தும், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர்க்குக் காலடி மண்ணும் சொந்தமில்லை. "அபாயம், வெளியேறுங்கள்" என்றால் எங்கே போவர்? எச்சரிக்கை மட்டும் போதாது. பாதுகாப்பான இடத்தில், அவர்கள் பெயரில் உறுதியோடு காணி வேண்டும். அடுத்த மழைக்கு முன் அரசு இதற்கு விடை கூறட்டும்!