அல்கோஷ் காட்டும் வழி

மோசுல் நகரில் யோனா தீர்க்கதரிசியின் கல்லறை எனப் போற்றப்பட்ட நபி யூனுஸ் பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐஎஸ் அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தனர். உலகமே கண்டித்தது. ஆனால், ஈராக்கின் யூதப் புனிதக் கல்லறைகள் அதற்கு வெகுகாலம் முன்பே சத்தமில்லாமல் சிதையத் தொடங்கிவிட்டன. பேணுவதற்கு ஆளில்லை என்பதே காரணம்.

பாபிலோனியச் சிறையிருப்புக் காலம் தொட்டு அந்த மண்ணில் யூதர்கள் வாழ்ந்தார்கள். 1950-51இல் மட்டும் சுமார் 1,20,000 பேர் விமானங்களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்று ஈராக்கில் எஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மோசுலுக்கு வடக்கே, கல்தேயக் கிறிஸ்தவர்கள் வாழும் அல்கோஷில் நாகூம் தீர்க்கதரிசியின் கல்லறையும் அதைச் சூழ்ந்த ஜெப ஆலயமும் இருக்கின்றன. பெந்தெகொஸ்தே திருநாளில் யூத யாத்திரிகர்கள் அங்கே திரள்வது வழக்கம். ஊரைவிட்டுப் போனபோது யூதர்கள் அதன் சாவியை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். தங்கள் வழிபாட்டுக்கு உரியதல்லாத அந்த இடத்தைத் தலைமுறை கடந்தும் அந்தக் குடும்பம் காத்தது. மதங்களுக்கிடையே நல்லிணக்கம் பேசும் எந்த மேடைப் பேச்சையும்விட இது பெரிது.

ஆனாலும், சரியும் கூரையை ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது. 2018இல் முட்டுக்கொடுத்துச் சுவர்களை நிறுத்திய பிறகே முறையான புனரமைப்பு தொடங்கியது. அமெரிக்க அரசு 5 லட்சம் டாலர் கொடுத்தது. குர்திஸ்தான் பிராந்திய அரசும் தனியாரும் கைகொடுத்தார்கள். கட்டடம் மீண்டது, சுவரில் பதித்த எபிரேயக் கல்வெட்டுகளும் அங்கேயே இருக்கின்றன.

ஹில்லாவுக்குத் தெற்கே அல்கிஃப்லில் நிலைமை வேறு. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் கல்லறை எனப்படும் அங்குள்ள இடத்தை முஸ்லிம்கள் துல்கிஃப்லு நபியின் அடக்கத்தலமாக மதிக்கிறார்கள். ஷியா வக்ஃபு நிர்வாகத்தில் அங்கே மக்கள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. அவர்களுக்கு அங்கே தொழும் உரிமை உண்டு. அதில் எனக்கு ஐயமில்லை. புனரமைப்பின்போது எபிரேய எழுத்துகள் அழிக்கப்படுவதாக 2010இல் புகார் எழுந்தது; அதிகாரிகள் மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்று சரிபார்க்க, வேலை தொடங்குமுன்பே ஒவ்வொரு எழுத்தையும் படமும் மைப்படியும் எடுத்துப் பொதுவில் வைத்திருக்க வேண்டாமா? கும்மட்டத்தைப் பளபளப்பாக்கிவிட்டு, நூற்றாண்டுகளாக அங்கே வேண்டிக்கொண்டவர்களின் எழுத்தைச் சுண்ணாம்புக்குள் மறைத்தால் அதற்குப் பெயர் புனரமைப்பு அல்ல.

அரசு நினைத்தால் முடியும். மொராக்கோவில் மன்னர் ஆறாம் முகம்மதுவின் ஆதரவில் 2010இல் தொடங்கிய திட்டத்தின் வழியே 167 யூத இடுகாடுகள் சீரமைக்கப்பட்டன. அங்கும் யூதர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். வெளிநாடுகளிலிருந்து அவர்களின் பிள்ளைகள் இன்றும் வந்துபோகிறார்கள். ஈராக்கோ, இஸ்ரேலுடன் உறவு பேணுவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்தை 2022இல் நிறைவேற்றியது. ஈராக்கிய யூதர்களின் வாரிசுகளில் பெரும்பாலோர் இஸ்ரேலியக் குடிமக்கள். அரசியல் பகையை அரசுகள் தீர்த்துக்கொள்ளட்டும். மூதாதையர் வணங்கிய கல்லறையைப் பார்க்க வருபவர்களுக்கு பாக்தாத் அரசு தனி அனுமதி வழங்க வேண்டும். அல்கிஃப்லிலும், எஸ்றாவின் கல்லறை உள்ள அல் உசைரிலும் எஞ்சியிருக்கும் எபிரேயக் கல்வெட்டுகளை முழுமையாகப் பதிவுசெய்யும் வேலையை உடனே தொடங்க வேண்டும்.