காதல் நாவல்களின் யோக்கியதை

சமீபத்தில் நாம் சில நாவல்களைப் படித்து முடித்தோம். ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கும் மாத நாவல்கள். மற்றொரு பக்கம் பெருமாள் முருகனும் இமையமும் எழுதியவைகள். இவற்றைப் பற்றி நமக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மாத நாவல் காதல் எப்படிப்பட்டதென்றால், அவன் பங்களாக்காரன், கோபக்காரன்; அவள் ஏழை, அழகி, பொறுமைசாலி. அவன் சந்தேகப்படுகிறான், வைகிறான், சில சமயம் கையையும் ஓங்குகிறான். அவள் அழுகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் மனம் மாறித் தாலி கட்டுகிறான். இவ்வளவிலும் ஜாதி என்கின்ற பேச்சே கிடையாது. சரி, ஜாதி ஒழிந்துபோன தேசத்துக் கதை போலும் என்று நினைத்தால், திடீரென்று ஜாதகம் வருகிறது, முகூர்த்தம் வருகிறது, புரோகிதரும் வந்துவிடுகிறார்! புரோகிதரைக் கூப்பிட்ட ஆசிரியர், அவர் கேட்கும் கோத்திரத்தை மாத்திரம் ஏன் விழுங்கிவிட்டார்? இருவரும் ஒரே ஜாதிதான் என்று வாசகரே வைத்துக்கொள்வார் என்கின்ற தைரியந்தானே? சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-லேயே சட்டம் செய்தாயிற்று. அப்படிப்பட்ட கல்யாணம் ஒன்றையாவது நாம் படித்த மாத நாவல்களில் காணோம்.

இவற்றைப் படிக்கும் பெண்களைப் பண்டிதர்கள் பரிகசிப்பது நமக்குச் சம்மதமில்லை. நாளெல்லாம் வேலை செய்து அலுத்தவள் ஒரு மணி நேரம் கதை படித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அடிக்கிறவன் அன்புள்ளவன் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பவரைத்தான் நாம் கேட்கின்றோம்.

நிற்க. பெருமாள் முருகனின் "பூக்குழி" 2013-ல் வந்தது. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், டவுனில் வளர்ந்த சரோஜாவைக் கல்யாணம் செய்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். மாத நாவல் முடிகின்ற இடத்தில் இது ஆரம்பிக்கின்றது. இதிலும் ஜாதியின் பெயர் இல்லைதான். ஆனால் "என்ன ஜாதி" என்கின்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் அவளைத் துரத்துகின்றது. கடைசியில் அவள் ஒளிந்திருக்கும் புதருக்கு நெருப்பு வைக்கிறார்கள். வைப்பவர்களோடு அவனைப் பெற்றவளும் நிற்கிறாள்.

இது மிகைப்படுத்தியது என்பார்க்கு இமையத்தின் "பெத்தவன்" கதையைக் காட்டுகிறோம். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை விரும்பிய மகளைக் கொன்றுவிடு என்று ஊர்ப் பஞ்சாயத்து தகப்பனுக்கு உத்தரவிடுகிறது. அவன் மகளைத் தப்பவிட்டுத் தான் விஷங் குடிக்கிறான். இது வெளியான 2012-ம் வருஷத்திலேயே, நவம்பர் 7-ந் தேதி, தர்மபுரி ஜில்லாவில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கிட்டு நத்தம் காலனி முதலிய மூன்று இடங்களில் தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. கற்பனை எது, மிகை எது?

அடி அண்ணாமலைத் தோழர்களே! பௌர்ணமிதோறும் 14 கிலோ மீட்டர் மலை சுற்றுகிறவர்கள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். அம்மனுக்குப் பரமசிவன் உடம்பில் பாதி கொடுத்த ஸ்தலம் இது என்பது புராணம்; தீபத்தன்று அந்த அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் வெளியே வந்து போவதைப் பார்க்க அவ்வளவு நெருக்கடி! சாமிக்குப் பாதி பெண்ணாம். ஆனால் அதைக் கும்பிட்டுத் திரும்புகிறவர் வீட்டுப் பெண்ணுக்குத் தன் கல்யாணத்தில் பாதிப் பேச்சாவது உண்டா?

அதே சாமிக்குத் திருச்செங்கோட்டில் மாதொருபாகன் என்று பெயர். அந்தப் பெயரில் பெருமாள் முருகன் 2010-ல் எழுதிய நாவல், பிள்ளையில்லாத காளி, பொன்னா என்கின்ற தம்பதிகளின் துக்கத்தைச் சொல்வது. நாலு வருஷங் கழித்துத் திடீரென்று பெண்களின் மானம் போய்விட்டதென்று கூச்சல், புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் அவர் மன்னிப்பு எழுதிக் கொடுத்து, எழுத்தாளன் செத்தான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு, பிடிக்காதவர் புத்தகத்தை எறிந்துவிட்டுப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகே மறுபடி வெளியே வந்தார். காகிதத்திலுள்ள பொன்னாவின் மானத்துக்கு இத்தனை காவலென்றால், ஜாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காக வெட்டப்படும் உயிருள்ள பெண்ணுக்கு ஏன் ஒரு கடையடைப்பும் இல்லை?

அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்றும் பாதையில் கடை விரிக்கும் தோழர்கள் ஸ்தல புராணத்துக்குப் பக்கத்தில் "பூக்குழி"யில் பத்துப் பிரதி வைக்கட்டும். வாங்குவோர் எத்தனை பேர், முறைப்போர் எத்தனை பேர் என்று நமக்கு எழுதினால் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.