கால்களை மறந்த காஞ்சி

காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு வேலைக்குச் செல்லுதல் என்பதொன்று இருந்ததில்லை. வீடே அவர்தம் தொழிற்கூடம். பிள்ளையார்பாளையத்து வீடுகளில் உறங்கும் இடத்திற்கும் தறிக்குழிக்கும் இடையே சில அடிகளே தொலைவு. பாவு நீட்டுதற்குத் தெருவே களம். கூட்டுறவுச் சங்கத்தில் பட்டிழை பெறவும், நெய்து முடித்த புடைவையை ஒப்படைக்கவும் வெளியே செல்ல நேரிடின், காலோ மிதிவண்டியோ அதற்குப் போதுமானதாய் இருந்தது. ஊரின் அமைப்பும் அத்தகையதே. கச்சி ஏகம்பத்திலிருந்து சின்னக் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் வரை சென்றாலும் தொலைவு ஐந்து கிலோமீட்டருக்கு மேற்படாது. அங்குள்ள அரச வீதிகள், தேர் உருளவும் அதனைச் சூழ்ந்து மாந்தர் நடக்கவும் ஏற்றவாறு அகன்று கிடந்தவை.

அந்நிலை இன்று மாறிவிட்டது. தறிக்கூலி குடும்பத்தைத் தாங்காமற் போனமையால், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுள் பலர் தறியை விட்டெழுந்து, 1990களின் இறுதி தொடங்கிக் கிழக்கே பெருகிய தொழிற்சாலைகளை நாடினர். இருங்காட்டுக்கோட்டையும் திருப்பெரும்புதூரும் சுங்குவார்சத்திரமும் ஒரகடமும் இற்றைக் காஞ்சி இளைஞர்க்குப் பிழைப்பிடங்களாயின. தொழில் மாறியது குற்றமன்று. ஆயின், அத்தொழிலோடு கூடவே வந்து சேர்ந்த இருசக்கர உந்து, அவர்தம் உழைப்பில் எத்துணைப் பங்கை உறிஞ்சிக் கொள்கின்றது என்பதை அவ்விளைஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணக்குக் கடினமானதன்று. காஞ்சியிலிருந்து திருப்பெரும்புதூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், போகவர 70. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் உந்தாயினும் நாளொன்றுக்கு 1.4 லிட்டர் கன்னெய் எரியும். திங்களுக்கு 25 நாள் வேலையெனின் 35 லிட்டர். லிட்டர் 100 உருபா என்று வைத்துக்கொண்டால் 3,500 உருபா. உந்து வாங்கிய கடனுக்குரிய தவணையும் பழுது பார்க்கும் செலவும் இதற்குப் புறம்பானவை. அப்பணத்தில் ஒரு பகுதி வரியாகவும், மறுபகுதி எண்ணெய்க்கு விலையாகவும் போய்விடுகின்றது. இந்தியா தனக்கு வேண்டிய கல்லெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வாங்குகின்றது. காஞ்சித் தொழிலாளியின் வியர்வை, காஞ்சிக் கடைத்தெருவிற்குக்கூடப் பயன்படாமல் கடல் கடந்து போகின்றது என்பதே இதன் பொருள். ஒரு லிட்டர் கன்னெய் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரிவளி வெளிப்படும். எனவே, அவ்வொருவர் திங்கள்தோறும் 80 கிலோ கரிவளியை வானில் கலக்கின்றார். உலகின் வெப்பம் ஏறுகின்றதே என்று வருந்துவோர், அவ்வெப்பம் தத்தம் வாயிலிலிருந்தும் புறப்படுவதை உணர்தல் வேண்டும்.

பணத்தினும் பெரிது உயிர். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 நேர்ச்சிகள் நிகழ்ந்தன; இந்தியாவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை நிகழவில்லை. அவற்றில் இறந்துபட்டோர் 17,884 பேர். அவ்வாண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தோருள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர்க்கு மேல் இருசக்கர உந்தில் சென்றோர். இரவுமுறை வேலை முடித்து, உறக்கம் கண்ணைச் சுழற்ற, சரக்குந்துகளுக்கு இடையே பெங்களூர் நெடுஞ்சாலையில் விரையும் இளைஞனுக்காகக் காஞ்சியில் ஒரு தாய் விழித்திருக்கின்றாள் என்பதை எவரும் மறத்தலாகாது.

இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மகிழுந்துகளைச் செய்து குவிக்கும் பெருந்தொழிற்சாலைகளே தம் தொழிலாளரைப் பேருந்துகளில்தாம் ஏற்றிச் செல்கின்றன! ஐம்பதின்மரை ஒரே வண்டியில் கொணர்வது செலவுக் குறைவானது. உரிய நேரத்தில் வந்து சேரும் உறுதியும் உடையது. முதலாளிகள் அறிந்த இவ்வுண்மையைத் தொழிலாளர் அறியாதிருத்தல் தகுமா? அப்பேருந்தில் ஏறும் வாய்ப்புடையோர் அதனை விடுத்து உந்தில் செல்லுதல் அறிவுடைமையன்று. அவ்வாய்ப்பே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்க்கும், உதிரிப்பாகம் செய்யும் சிறு தொழிற்கூடத்தார்க்கும் வழி செய்வது முதலாளிகளின் கடன். தனித்துப் பேருந்து விட இயலாத சிறு நிறுவனங்கள் நான்கைந்து ஒன்றுகூடி ஒரு வண்டி விடலாம். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வு கேட்கும்போதே இதனையும் கேட்டல் வேண்டும்.

ஊருக்குள்ளேயே பணி செய்வோர்க்கு இத்தடைகளும் இல்லை. அரசு அலுவலகத்தாரும் வங்கிப் பணியாளரும் ஆசிரியரும் காந்தி சாலைப் பட்டுக்கடை ஊழியரும் நாளும் கடக்கும் தொலைவு பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீட்டரே. மிதிவண்டியில் பத்துப் பதினைந்து மணித்துளி. அவ்வளவு தொலைவிற்கும் உந்தில் சென்று, மாலையில் மருத்துவர் சொன்னாரென்று தனியே நடைபயில்வது எத்துணை நகைப்பிற்குரியது! பெண்கள் 2021 மே திங்கள் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். செங்கற்பட்டு, தாம்பரம் பக்கம் பணிக்குச் செல்வோர்க்குத் தொடர்வண்டி உண்டு. 1865இலேயே அரக்கோணத்திலிருந்து இருப்புத்தடம் வந்த ஊர் காஞ்சி. இருந்தும், இத்தனை தொழிற்சாலைகள் நிறைந்த திருப்பெரும்புதூரைத் தொடும் தொடர்வண்டித் தடம் இன்றளவும் இல்லை. இக்குறை அரசினருடையது, அதனை இடித்துரைத்தல் மக்கள் கடமை.

மிதிவண்டியில் சென்றால் மதிப்புக் குறையும் என்னும் நாணமே பலரைத் தடுக்கின்றது. இந்நாணம் பொய்யானது என்பதைப் புதுக்கோட்டைப் பெண்கள் மெய்ப்பித்துக் காட்டினர். 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் சீலா இராணி சுங்கத்து அவர்களின் ஊக்கத்தால், அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாது கற்றனர். கல்லுடைக்கும் களத்திற்கும் சந்தைக்கும் பிறர் துணையின்றிச் சென்றனர். மிதிவண்டி அவர்கட்கு இழிவாகவில்லை, விடுதலையாயிற்று.

ஒவ்வொரு நிறுவனமும் நிழலுள்ள மிதிவண்டி நிறுத்தம் ஒன்றை அமைக்கட்டும். உந்துக்குக் கன்னெய்ப்படி கொடுப்போர், பேருந்திலும் மிதிவண்டியிலும் வருவோர்க்கும் அப்படியைக் கொடுக்கட்டும். முறைவேலை தொடங்கும் நேரத்தைப் பேருந்து வரும் நேரத்தோடு பொருத்தட்டும். மேலாளரும் கிழமைக்கு இருநாளேனும் பேருந்தில் வரட்டும். மேலிருப்போர் நடவாத வழியில் கீழிருப்போர் நடப்பது அரிது. பணியாளரோ, இவையெல்லாம் நிறைவேறும் வரை காத்திராமல், அண்மைத் தொலைவிற்கு உந்தைத் தொடுவதில்லை என்று இன்றே உறுதி பூணலாம். அதற்கு அரசாணை வேண்டியதில்லை, கடன் வேண்டியதில்லை. பிறக்கும்போதே உடன் வந்த இரு கால்கள் போதும்.